ஏழாம் பாத்தியில் நான்கு செடிகள்

செப்டம்பர் 4, வியாழன்

விதைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பதினான்கு. எல்லாம் கத்தரி. பொட்டலத்தின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். யார் அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. எண் 7-இன் மேல் 'விவசாயி ரகம்' என்று ஒரு முத்திரை கூடுதலாக இருந்தது. அதற்கு விதிகளில் கொஞ்சம் சலுகை உண்டு என்பதால் அதை மட்டும் சொல்லிவிடுவார்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சர் சாயங்காலம் மாவு அரைக்க வந்தவர், "நீங்க ஆபீசுல என்னதான் செய்றீங்க?" என்று கேட்டார். ஆறு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார், இன்றைக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. சொன்னேன். ஒருவர் புது ரகம் கண்டுபிடித்தேன், அதை என் பெயரில் பதிந்து தாருங்கள் என்று மனுப் போடுகிறார். அது மற்ற ரகங்களிலிருந்து உண்மையிலேயே வேறானதா, எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று நாங்கள் நட்டுப் பார்த்து எழுதி அனுப்புகிறோம். பதிவாகிவிட்டால் அந்த ரகத்தைப் பெயர் போட்டு விற்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். "அப்போ நீங்க ஜட்ஜ் மாதிரி" என்றார் டீச்சர். ஜட்ஜுக்கு முள் குத்தாது என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

நாற்றங்காலில் விதைத்தாயிற்று. எலிக்கு மருந்து வைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

நடவு முடிந்தது. ஒரு ரகத்துக்கு ஒரு பாத்தி, ஒரு பாத்திக்கு அறுபது செடி. ஏழாம் பாத்தி கிணற்றுப் பக்கம், பன்னிரண்டாம் பாத்தி வேலி ஓரம்.

மாடத்தி இரண்டு நாளாக முதுகு நிமிராமல் நட்டாள். இருபது வருடம் விதைப்பண்ணையில் இருந்துவிட்டு இங்கே தினக்கூலிக்கு வந்தவள். விதைப்பண்ணையில் வரிசைக்கு ஒவ்வாத செடியைக் கலவன் என்பார்கள், கண்ட இடத்தில் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். இங்கே பிடுங்கவே கூடாது. எத்தனை கலவன் இருக்கிறது என்று எண்ணுவதுதான் சோதனையே. அறுபதில் இரண்டு வரை பொறுப்போம். விவசாயி ரகம் என்றால் நான்கு வரை. இதை மாடத்தியிடம் வருடா வருடம் சொல்கிறேன். "சரிக்கா" என்பாள். கை சும்மா இருக்காது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. சிவசைலம் போனில் வந்தான். என் தம்பி. அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. நான்தான் வளர்த்தேன், நான்தான் இந்தப் படிப்பைப் படி என்றேன். இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு விதைக் கம்பெனியில் ரகம் உருவாக்கும் பிரிவுக்குத் தலைவன்.

"அக்கா, எங்க கத்தரி ஒண்ணு இந்த வருசம் உங்க ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்காம்."

"அதையெல்லாம் என்கிட்ட சொல்லாதல. நான் தெரிஞ்சிக்கக் கூடாது."

"எண் என்னன்னு சொன்னேனா? சும்மா சொன்னேன். என் பத்து வருச உழைப்புக்கா அது. அது பதிவாச்சுன்னா என் பேரும் அதுல வரும்."

அதிரசம் செய்தாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினான். செய்யவில்லை. தம்பி கம்பெனியின் ரகம் இங்கே சோதனையில் இருக்கிறது என்று நிலையத் தலைவர் ஞானதிரவியம் சாரிடம் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். லீவு முடியட்டும் என்று விட்டேன்.

நவம்பர் 12, புதன்

பூ வந்துவிட்டது. வெள்ளை ஈ. வேப்பெண்ணெய் அடித்தோம். எழுதிக் கொடுப்பது இந்த வாரமும் நடக்கவில்லை, சார் மதுரையில் இருக்கிறார்.

நவம்பர் 26, புதன்

காய் பிடித்துவிட்டது. ஏழாம் பாத்தியின் காய் நீண்ட உருண்டை, ஊதாவில் வெள்ளை வரி, காம்புத் தொப்பியில் முள். சாதாரண முள்ளில்லை, காயைத் தொட யோசிக்க வைக்கும் முள். ஐம்பத்தாறு செடியில் அப்படி. மீதி நான்கு செடியில் முள்ளே இல்லை. தொப்பி, காம்பு, இலை நரம்பு எங்கும் மொழுமொழுவென்றிருக்கிறது. காய் மட்டும் அதே காய்.

நான்கு கலவன். விவசாயி ரகத்துக்கு நான்கு வரை போகலாம். எல்லையில் நிற்கிறது.

பன்னிரண்டாம் பாத்தியில் அறுபதும் முள்ளில்லாச் செடி. நீண்ட உருண்டை, ஊதாவில் வெள்ளை வரி.

வெயில் அதிகம். மதியம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஏழின் நான்கு செடியிலிருந்து எட்டுக் காய், பன்னிரண்டிலிருந்து எட்டுக் காய். மேசையில் இரண்டு வரிசையாக வைத்து அளந்தேன். நீளம், சுற்றளவு, வரி, தொப்பியின் அளவு, வெட்டினால் சதையின் நிறம், விதை அமைப்பு. பிறகு செடியில் இலை, பூ, கிளை. நாற்பது சொச்சம் குணம் பார்த்தேன். ஒன்றில்கூட வித்தியாசம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தபோது எது எந்த வரிசை என்று எனக்கே தெரியவில்லை. மாடத்தியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் எண் எங்கிருந்து வந்தது என்பது என் வேலையில் வராது. நான் இருப்பதை அளப்பவள்.

டிசம்பர் 3, புதன்

மாடத்தி ஏழாம் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். "யக்கா, இந்த நாலு மொழுக்கையும் கலவன்லா? பிடுங்கிரட்டா?" என்று கேட்டாள். அப்போது மோட்டார் அறைப் பக்கம் எனக்கு வேலை இருந்தது, போனேன். திரும்பி வருவதற்குள் நான்கும் வரப்பில் கிடந்தன. வேரோடு.

விதைப்பண்ணைப் பழக்கம் லேசில் போகாது. திட்டினேன். அவள் நான்கையும் வாரிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 5, வெள்ளி

நோக்குத் தாள் நிரப்பினேன். எண் 7, கலவன்: 0. இன்றைய நிலவரம் அதுதானே.

டிசம்பர் 11, வியாழன்

தூக்கம் சரியில்லை. டாக்டர் பிரஷர் என்கிறார். உப்பைக் குறைக்க வேண்டுமாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று பார்வை நாள். மனுப் போட்டவர்கள் வருடத்தில் இந்த ஒரு நாள் வந்து தங்கள் செடியைப் பார்க்கலாம். அன்றைக்குத்தான் எண்களுக்கு முகம் வரும்.

கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் காரில் வந்தார்கள். அதில் ஒருவன் சிவசைலம். எல்லார் முன்னாலும் "வணக்கம் மேடம்" என்றான். நானும் வணக்கம் சொன்னேன். நேராகப் பன்னிரண்டாம் பாத்திக்குப் போய் நின்றான்.

பத்தே முக்காலுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வந்த வேர்வை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பெயர் முத்துப்பேச்சி, ஊர் புளியங்கரிசல், பெண்கள் குழுவுக்குத் தலைவி. ஏழாம் எண் அவர்கள் ஊர்க் கத்தரி. நாற்பது குடும்பம் சேர்ந்து மனுப் போட்டிருக்கிறது.

புளியங்கரிசல் நான் போயிருக்கிற ஊர்தான் போலிருக்கிறது. இந்த வேலையில் எத்தனையோ ஊர்.

அவள் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். காயைத் தொட்டுப் பார்த்தாள், பிறந்த வீட்டுக்கு வந்தவளைப் போல முகமெல்லாம் சிரிப்பு. பிறகு நின்றாள்.

"யக்கா, இங்க நாலு குழி வெறுங்குழியா கிடக்கே?"

"வாடிப்போச்சு" என்றேன். பக்கத்தில் மாடத்தி இருந்தாள். தரையைப் பார்த்தாள்.

"அப்போ மொழுக்கச் செடி எங்க? விதை அனுப்பும்போது கணக்காத்தான கலந்தேன், பதினஞ்சுக்கு ஒண்ணு வார மாதிரி."

வேண்டுமென்றே கலந்ததா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பின்ன? எங்க ஊர்ல வரிசைக்கு ஒண்ணு மொழுக்கை விட்டிருவோம்க்கா. அந்தக் காய சந்தைக்கு அனுப்ப மாட்டோம். முள்ளு இல்லேன்னா எங்க ஊருக் காய்னு எந்த ஏவாரி நம்புவான்? அது பறிக்க வாரவளுக்கு. நாள் பூரா முள்ளுல கை கிழிஞ்சு பறிக்கா, வீட்டுக்குக் கொண்டு போற காயாவது அவ கையக் கிழிக்காம இருக்கட்டும்னு. அது பறிகாரி பங்கு. எங்க மாமியாருக்கு மாமியார் காலத்துல இருந்தே இருக்கு. அதையும் சேத்துத்தான எங்க ரகம்? மொழுக்கை இல்லாமப் பதிஞ்சா பறிக்க வாரவளுக எங்களச் சும்மா விடுவாளுவளா?"

இருபத்தாறு வருடமாகக் கலவனை எண்ணுகிறேன். யாரோ ஒருவர் அதை வேண்டும் என்று வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பேசிக்கொண்டே நிமிர்ந்தவள் வேலிப் பக்கம் பார்த்தாள்.

"இந்தா நிக்குல்லா! யம்மா, ஒரு பாத்தி பூரா நிக்கே! தனியா எடுத்து நட்டு வச்சிருக்கியளா?"

போய்விட்டாள். ஓடினாள் என்றே சொல்லலாம். நானும் பின்னால் போனேன். அவள் ஒரு காயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதிரே என் தம்பி நின்றான்.

"அம்மா, அது வேற ரகம். எங்க கம்பெனி ரகம்" என்றான்.

"வேறயா?" இலையைத் திருப்பிப் பார்த்தாள். காயை முகர்ந்தாள். "சாருக்கு இது எங்க கிடைச்சுது?"

"எங்க சொந்தச் சேகரிப்புல இருந்ததும்மா."

"சேகரிப்புன்னா? வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யக்கா, வந்ததுல இருந்து யோசிக்கேன். நீங்கதான முன்ன எங்க ஊருக்கு ஜீப்புல வந்தது? எங்க அத்தை வீட்டு வாசல்ல நின்னு ரெண்டு கவர்ல விதை வாங்குனியள்லா? முள்ளு ஒரு கவரு, மொழுக்கை ஒரு கவரு. கவர் மேல பேர் எழுதித் தந்தது நாந்தான். அன்னைக்கு உங்களுக்கு மோர் குடுத்தேன்."

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன்" என்றேன்.

"ஆமா, இருக்கும்" என்றாள். அதற்குமேல் அவள் எங்கள் இரண்டு பேரையும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 16, இரவு

கம்பெனிக் காரை அனுப்பிவிட்டு சிவசைலம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று சொதி வைத்திருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு சொன்னான்.

"நீ ஒண்ணும் புதுசா எழுத வேண்டாம்க்கா. தாள்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டும். கலவன் பூஜ்யம், அந்தம்மா ரகம் சுத்தமாப் பாஸ். என்னுதும் பாஸ். அதுல முள்ளு, இதுல முள்ளு இல்ல, ரெண்டும் வேற வேற. யாருக்கு நஷ்டம் சொல்லு?"

"மனுவுல எங்கிருந்து எடுத்தோம்னு எழுதணுமேல. ஊர் பேர், விவசாயி பேர் எல்லாம் கேக்கான்லா?"

"எழுதியாச்சு. சொந்தச் சேகரிப்பு."

"அது பொய்."

"நீதான குடுத்த?"

இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். போகும்போது, "அவுக வயல்ல அவுக நட்டுக்கிடலாம்க்கா, சட்டத்துல தடையே கிடையாது" என்றான். அது சரிதான். நடலாம், விதை எடுக்கலாம், அக்கம்பக்கம் கொடுக்கலாம். ஆனால் அந்தக் குழு தங்கள் பெயர் போட்டுப் பொட்டலம் கட்டி நாலு சந்தையில் விதை விற்கிறது. கோப்பில் பொட்டலத்தின் படம் இருந்தது. பன்னிரண்டு பதிவானால், அந்தப் பொட்டலத்தில் மொழுக்கை இருப்பது திருட்டு என்று என் தம்பியின் கம்பெனி நோட்டீஸ் அனுப்பலாம்.

டிசம்பர் 20, சனி

மூன்று நாள் இந்த நோட்டைத் திறக்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் ரகம் சேகரிக்கப் போன பயணத்தில் புளியங்கரிசல் போனேன். இரண்டு கவர் வாங்கினேன். மோரும் குடித்தேன், நன்றாக நினைவிருக்கிறது, கறிவேப்பிலை போட்ட மோர். முள் கவரை நிலையத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். மொழுக்கைக் கவரை ஏற்றவில்லை. அந்த வாரம் சிவசைலம் போன் செய்து அழுதான். ஆறு மாதத்தில் உருப்படியாக ஒன்று காட்டாவிட்டால் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். முப்பது வயது, அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தோம். கவரை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். ஒரு சிட்டிகை விதைதானே என்று நினைத்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

பத்து வருட உழைப்பு என்கிறான். அதுவும் பொய்யில்லை. வருடா வருடம் நட்டு, தேர்ந்தெடுத்து, சுத்தமாக்கியிருக்கிறான். அந்த உழைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. எடுத்த இடத்தைச் சொல்லி, அந்த ஊரின் சம்மதத்தை வாங்கியிருந்தால் இவன் பெயரும் இருந்திருக்கும், அந்த ஊர்ப் பெயரும் இருந்திருக்கும். சொல்லாமல் இருந்ததற்கு நான்தான் வழிகாட்டி. பதிவேட்டில் ஏற்றாத விதைக்கு ஊர் எங்கே?

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 3 அன்று மோட்டார் அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பிடுங்காதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது.

டிசம்பர் 24, புதன்

மாடத்தி இன்று தானாகவே பேசினாள். வெட்டிப்போட்ட களையை அள்ளிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

"யக்கா, அந்த நாலு செடியையும் நான் எருக்குழியில போடல. கொட்டகைக்குப் பின்னால காயவச்சு, சாக்குல கட்டி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"இருபது வருசமாப் பிடுங்கச் சொல்லுத மேலதிகாரியப் பாத்திருக்கேன், பிடுங்காதன்னு சொல்லுத மேலதிகாரியப் பாத்திருக்கேன். ஒண்ணும் சொல்லாமப் போன அதிகாரிய அன்னைக்குத்தான் பாத்தேன். நாளைக்கு மாடத்திதான் பிடுங்குனான்னு என் தலையில விழுந்திரக்கூடாதுல்லா?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம், வந்த வேகத்தில் போய்விட்டது. அவள் தினக்கூலி. நான் அரசுச் சம்பளம். யார் தலையில் விழும் என்று அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானக்கா ஆவணும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜனவரி 3, சனி

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று அரைப் பக்கம், எல்லாரும் பாஸ். மற்றொன்று நான்கு பக்கம். இதில் முத்துப்பேச்சிக்கும் நன்மை இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். செடி பிடுங்கிய பாத்தி செல்லாது, அவர்கள் மனு ஒரு வருடம் பின்னால் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, வெளியே எடுக்கும்போது சோறும் சேர்ந்து சிந்தும் என்பது தெரியாமல் போயிற்று.

ஜனவரி 5, திங்கள்

நான்கு பக்க அறிக்கையைக் கொடுத்தேன். எழுதியது:

எண் 7-இல் கலவன் நான்கு, பூஜ்யம் அல்ல. அந்த நான்கையும் பிடுங்கியது பணியாளர். தடுத்திருக்க வேண்டியது நான், தெரிந்தே தடுக்கவில்லை. நான்கு செடியும் காய்ந்த நிலையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கும் எண் 12-க்கும் எந்தக் குணத்திலும் வேறுபாடு இல்லை, அளவுகள் இணைப்பில். எண் 12-இன் மூல விதை புளியங்கரிசலைச் சேர்ந்தது. அதைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரின் சம்மதம் இல்லாமல் மனுதாரரின் ஊழியருக்குக் கொடுத்தது நான். அந்த ஊழியர் என் உடன்பிறந்த தம்பி.

ஞானதிரவியம் சார் இரண்டு தடவை படித்தார். "யோசிச்சுத்தான் குடுக்கீங்களா, ஆவுடையம்மா?" என்றார். "யோசிச்சா குடுக்க மாட்டேன் சார், வாங்கிக்கோங்க" என்றேன்.

பிறகு சிவசைலத்தைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது. முழுக்கக் கேட்டான்.

"என்ன ஏன்க்கா இந்தப் படிப்புப் படிக்க வச்ச?" என்றான்.

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பாவி, அழுதிருப்பான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அவன் வரவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு பொங்குவது என்று தெரியவில்லை, அரைப்படி அரிசி போட்டு டீச்சர் வீட்டுக்கும் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

உத்தரவுகள் வந்தன. எண் 12 நிறுத்திவைப்பு, மூலத்தை மறைத்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எண் 7 மறுசோதனை. அடுத்த பருவத்துக்குப் புது விதையை மனுதாரரே நேரில் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விசாரணை முடியும்வரை சோதனைப் பாத்திப் பக்கம் போகக்கூடாது. தபால் பிரிவில் வேலை. மாடத்தி பெயர் எதிலும் இல்லை. அந்த மட்டும் சந்தோஷம்.

சிவசைலத்தை அந்தப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்களாம். அவன் மனைவி சொல்லித் தெரிந்தது. "இனிமே போன் பண்ணாதீங்க அண்ணி" என்றும் சொன்னாள்.

மார்ச் 30, திங்கள்

தபால் 41. பதிவுத் தபால் 6. பசை தீர்ந்துவிட்டது.

ஜூன் 11, வியாழன்

காலையில் பத்தரைக்கு முத்துப்பேச்சி வந்தாள். மடியில் ஒரு துணிப்பை. மறுசோதனைக்கு விதை. என் இடத்துக்கு வந்திருக்கும் அதிகாரி பெனடிக்டா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள், வர மூன்று மணி ஆகும் என்று போனில் சொன்னாள்.

அலுவலகத்தில் நான் மட்டும்தான். மூன்று மணிவரை காத்திருந்தால் அவளுக்கு அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். "என்கிட்ட குடுத்துட்டுப் போ, பதிவேட்டுல ஏத்தி ரசீது தாரேன். கையெழுத்த இப்பவே போட்டுறலாம். வாரத வாங்கி வைக்கிறதுதான் இப்போ என் வேலை" என்றேன். விதியிலும் அதற்கு இடம் உண்டு.

"இருக்கட்டும்க்கா. நான் உக்காந்திருக்கேன்."

எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். மழை வருமா என்று பேசினோம். அவர்கள் ஊரில் கிணறு வற்றிவிட்டதைச் சொன்னாள். மதியம் என் தயிர்சாதத்தில் பாதி கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். சாப்பிடும்போதுகூடப் பை மடியில்தான் இருந்தது.

"உங்க தம்பி நல்லாருக்காவளா?"

"பேசுறதில்ல."

"அது சங்கடந்தான்" என்றாள். உண்மையாகவே சொன்னாள், முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க எழுதுனதப் பஞ்சாயத்து ஆபீசுல படிச்சுக் காமிச்சாவ. பெத்தபிள்ள மாதிரி வளத்த தம்பியக் காட்டிக்குடுக்க ஒரு நெஞ்சு வேணும். எங்க ஊர்ல ஒருத்தருக்கும் உங்க மேல கோவம் கிடையாது" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்போ அதக் குடு, ஏத்திருதேன். இந்த வெக்கையில ஏன் காத்துக் கிடக்க?" என்று கையை நீட்டினேன்.

அவள் பையைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். அதிகமில்லை, ஒரு விரல்கடை இருக்கும்.

"தப்பா நினைக்காதியக்கா. உங்க கைல மட்டும் குடுக்க மனசு வரல."

மூன்றேகாலுக்குப் பெனடிக்டா வந்தாள். முத்துப்பேச்சி எழுந்து போய் அவளிடம் கொடுத்தாள். பைக்குள் முள் ஒரு கவர், மொழுக்கை ஒரு கவர். எடை போட்டார்கள், இரண்டு கவரிலும் முத்திரை வைத்தார்கள், இரண்டையும் ஏற்றினார்கள். முத்துப்பேச்சி பதிவேட்டை வாங்கித் தன் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். போகும்போது என்னிடம் வந்து, "வாரேன்க்கா, உடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

அவள் போன பிறகு தபால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.